தண்ணீரைவிட எண்ணெய்க்குள் ஒளி ஏன் மெதுவாகப் போகிறது? வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடித் தம்ளரில் பாதிக்குத் தண்ணீரும் அதன்மேல் தேங்காய் எண்ணெயும் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான். சரி, இந்த இரண்டில் எதற்குள் ஒளி வேகமாகப் போகும்? எண்ணெய்தானே லேசானது, அதற்குள்தான் வேகமாகப் போகும் என்று பலரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் போகிறது. தேங்காய் எண்ணெய்க்குள் அது 2,06,000 சொச்சம்தான்.

பள்ளிப் பாடத்தில் 'அடர்மிகு ஊடகம்', 'அடர்குறை ஊடகம்' என்று படித்ததை எடையோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. திரவத்தின் எடைக்கும் ஒளியின் வேகத்துக்கும் நேரடிக் கணக்கு எதுவும் கிடையாது. பிசுபிசுப்புக்கும் கிடையாது. விளக்கெண்ணெய் கூழ்போல மெதுவாக ஒழுகும். அதற்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2,03,000 கி.மீ. கார்பன் டைசல்பைடு என்ற ஆய்வகத் திரவம் தண்ணீரைவிட இளக்கமாக ஓடும். அதற்குள்ளோ 1,84,000 கி.மீ.தான்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். 1983 முதல் மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். இந்த வேகம் ஒரு திரவத்துக்குள் எத்தனை பங்காகக் குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.333. அதாவது 2,99,792-ஐ 1.333-ஆல் வகுத்தால் தண்ணீருக்குள் ஒளியின் வேகம் வந்துவிடும். சூத்திரம் இவ்வளவுதான்.

வேகம் ஏன் குறைகிறது என்பதுதான் சுவையான பகுதி. ஒளித்துகள்கள் மூலக்கூறுகளில் முட்டி மோதித் தாமதமாகின்றன என்று ஒரு விளக்கம் பரவலாக உலவுகிறது. அது சரியில்லை. முட்டி மோதினால் ஒளி நாலாபக்கமும் சிதறும், நேர்கோட்டில் வெளியே வராது. உண்மையில் ஒளி ஒரு மின்காந்த அலை. அது திரவத்துக்குள் நுழைந்ததும் மூலக்கூறுகளில் இருக்கும் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் தாங்களும் அதே அதிர்வெண்ணில் சிற்றலைகளை வெளிவிடுகின்றன. உள்ளே வந்த அலையும் இந்தச் சிற்றலைகளும் கூடி உருவாகும் அலை, கடக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. இந்தப் பின்தங்கலைத்தான் 'வேகம் குறைந்தது' என்று அளக்கிறோம்.

ஆக, எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக அசைகின்றன, ஒரு கன சென்டிமீட்டரில் அப்படிப்பட்டவை எத்தனை இருக்கின்றன என்பதுதான் கேள்வி. எண்ணெயின் நீண்ட கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகளில் எலக்ட்ரான்கள் தண்ணீரில் இருப்பதைவிட எளிதாக ஆடும். கார்பன் டைசல்பைடில் இருக்கும் கந்தகத்தின் எலக்ட்ரான்கள் இன்னும் எளிதாக ஆடும்.

வெளியே வரும்போது ஒளிக்குப் பழைய வேகம் எப்படித் திரும்பக் கிடைக்கிறது, யார் தள்ளிவிடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் தள்ளுவதில்லை. ஆட்டுவதற்கு எலக்ட்ரான்கள் இல்லாத இடத்துக்கு வந்ததும் பின்தங்கலும் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். திரவம் மாறும்போது அதிர்வெண் மாறாது, அலைநீளம்தான் சுருங்கும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் தண்ணீருக்குள் 488 நானோமீட்டராகிறது. காற்றில் 488 என்றால் நீலம். ஆனாலும் தண்ணீருக்குள் இருக்கும் லேசர் புள்ளி சிவப்பாகவே தெரியும், ஏனென்றால் கண் நிறத்தை உணர்வது அதிர்வெண்ணைக் கொண்டுதான். (சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய ஒரு பங்குக்கு அதிர்வெண்ணே மாறிவிடுவதை 1928-இல் கொல்கத்தாவில் திரவங்களை வைத்துத்தான் சி.வி. ராமன் கண்டுபிடித்தார். அது தனிக் கதை. நம் லேசர் புள்ளியில் அது கண்ணுக்குத் தெரியாது.)

நேரத்தை அளக்க முடியாது, கோணத்தை அளக்கலாம்

பத்து சென்டிமீட்டர் தண்ணீரைக் கடக்க ஒளிக்கு 0.44 நானோநொடி ஆகிறது. அதே தூரம் தேங்காய் எண்ணெயைக் கடக்க 0.48 நானோநொடி. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் கடிகாரம் வீட்டில் எவரிடமும் இருக்காது. அதனால் சுற்றுவழியில்தான் போக வேண்டும். சாய்வாக நுழையும் ஒளியின் திசை, வேகம் மாறும் இடத்தில் திரும்புகிறது. எவ்வளவு திரும்பியது என்று அளந்தால் வேகம் எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். ஸ்நெல் விதி என்று படிப்பது இதைத்தான்: காற்றில் உள்ள கோணத்தின் சைனை, திரவத்தில் உள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும்.

இந்தச் சுற்றுவழியை நம்பலாமா என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. ஒளி துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கணக்குப்படி, தண்ணீர் அந்தத் துகள்களை இழுப்பதால் உள்ளே வேகம் கூட வேண்டும். அலைக் கொள்கைப்படி குறைய வேண்டும். இரண்டுமே ஒளி வளைவதைச் சரியாகத்தான் விளக்கின, அதனால் கோணத்தை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியவில்லை. 1838-இல் பாரிஸில் இயற்பியலாளர் அராகோ ஒரு யோசனை சொன்னார்: வேகமாகச் சுழலும் கண்ணாடியில் பட்டு வரும் ஒளியை, ஒரு பாதையில் காற்று வழியாகவும் இன்னொன்றில் தண்ணீர் வழியாகவும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1850-இல் லியோன் ஃபூக்கோ அதைச் செய்து காட்டினார். ஒளி போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி இம்மியளவு சுழன்றுவிடுவதால் பிம்பம் நகர்ந்து விழும். தண்ணீர்க் குழாய் வழியாக வந்த பிம்பம் கூடுதலாக நகர்ந்திருந்தது. தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்று அன்றைக்கு முடிவானது. அதனால் நாம் தைரியமாகக் கோணத்தை அளக்கலாம்.

படி 1: தேவையானவை

செவ்வக வடிவில், பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அகலம் 8 செ.மீ., நீளம் 15 செ.மீ. இருந்தால் வசதி. இனிப்புக் கடை டப்பாக்கள் பல, கீழே குறுகி மேலே விரிந்திருக்கும், அவை வேண்டாம். வளர்ப்பு மீன் விற்கும் கடையில் கிடைக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஆகும், ஆனால் சுவர் தடிமனாக இருந்தால் அளவில் பிழை கூடும்.

5 மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்பு லேசர் பாயின்டர், கிராஃப் தாள், காம்பஸ், ஸ்கேல், டிரேசிங் பேப்பர் துண்டு, செல்லோடேப். திரவங்களுக்கு: தண்ணீர், தேங்காய் எண்ணெய், மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின், சம எடையில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகு.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் எடுக்க வேண்டாம். மேலே பேர் சொன்ன கார்பன் டைசல்பைடு நச்சு, சட்டென்று தீப்பிடிக்கும். அது ஆய்வகத்தோடு இருக்கட்டும். லேசர் கண் மட்டத்தில் இருக்கக் கூடாது. டப்பாவின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் கண்ணுக்கு ஆபத்துதான், அதனால் மேசைக்கு மேலே நின்று குனிந்து பார்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் கையில் லேசரைக் கொடுக்க வேண்டாம்.

படி 2: 60 பாகைக் கோடு

கிராஃப் தாளை மேசையில் ஒட்டி அதன்மேல் டப்பாவை வைத்து, அடிப்பக்கத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். நீளமான பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி குறியுங்கள். ஒளி நுழையப் போவது அங்கேதான். அந்தப் புள்ளியில் பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை வரைந்து, டப்பாவுக்கு அடியிலும் நீட்டிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தில் அந்தச் செங்குத்துக்கு 60 பாகையில் இன்னொரு கோடு. லேசர் இந்தக் கோட்டின் வழியாகத்தான் வர வேண்டும்.

ஏன் 60? காம்பஸ் மட்டும் இருந்தாலே துல்லியமாகப் போட்டுவிடலாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், சாய்வு கூடக் கூடத் திரவங்களுக்கு இடையிலான வித்தியாசம் விரிந்து தெரியும். 45 பாகையில் தண்ணீருக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வெளியேறும் இடத்தில் சுமார் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம் வரும். 60-இல் அது 9 மில்லிமீட்டர்.

படி 3: எதிர்ச் சுவரில் புள்ளியைப் பிடிப்பது

எதிர்ப்பக்கச் சுவரின் வெளியே டிரேசிங் பேப்பர் துண்டை ஒட்டுங்கள். டப்பாவில் திரவத்தை ஊற்றி, லேசரை 60 பாகைக் கோட்டின் மேல் மேசைக்கு இணையாகக் கிடத்தி அடியுங்கள். டிரேசிங் பேப்பரில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழும். அதற்கு நேர்கீழே கிராஃப் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அறை கொஞ்சம் இருட்டாக இருந்தால் நல்லது.

தண்ணீருக்குள் ஒளிக்கற்றையையே பார்க்க ஆசையாக இருந்தால் இரண்டு சொட்டுப் பால் விடுங்கள். மூன்றாவது சொட்டு வேண்டாம், புள்ளி மங்கிப் பரவிவிடும். எண்ணெயில் பால் கலக்காது, தேவையும் இல்லை.

டப்பாவின் அகலத்தை வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். சுவருக்குள்ளும் ஒளி வளைந்துதான் போகிறது, ஆனால் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால் இரு சுவர்களும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் புள்ளியை நகர்த்தும். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் தண்ணீருக்கு ஒரு மில்லிமீட்டர்வரை பிழை வரும்.

குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வைத்து நன்றாக உருகவிட்ட பிறகே ஊற்றுங்கள். பாதி உருகிய எண்ணெயில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் ஒளியைச் சிதறடித்துவிடும்.

படி 4: கணக்கு

செங்குத்துக் கோடு எதிர்ச் சுவரைத் தொடும் இடத்திலிருந்து, புள்ளி விழுந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்கு 6.0 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவின் அகலம் 8. ஆக எண்ணெய்க்குள் ஒளி போன பாதை 6-இன் வர்க்கம், 8-இன் வர்க்கம் இரண்டையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம், அதாவது 10 செ.மீ. எண்ணெய்க்குள் கோணத்தின் சைன் 6/10, அதாவது 0.6. காற்றில் 60 பாகையின் சைன் 0.866. வகுத்தால் 1.443. 2,99,792-ஐ இதால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 2,07,700 கி.மீ.

தண்ணீருக்குப் புள்ளி 6.8 செ.மீ. அருகே விழும். பாதை 10.5 செ.மீ., சைன் 0.648, ஒளிவிலகல் எண் 1.337, வேகம் 2,24,200 கி.மீ. சர்க்கரைப் பாகுக்கு 6.2 செ.மீ. ஒட்டியும், கிளிசரினுக்கு 5.8 செ.மீ. ஒட்டியும் வர வேண்டும். எதுவும் ஊற்றாத வெறும் டப்பாவில் 13.9 செ.மீ. வர வேண்டும். இதைத்தான் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். வெறும் டப்பாவிலேயே அந்த எண் வரவில்லை என்றால் லேசர் கோட்டில் இல்லை, மேற்கொண்டு ஊற்றி அளப்பதில் பயனில்லை.

பிழையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் எண்ணெயின் 1.443 என்பது 1.43-க்கும் 1.46-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் போய்விடும். அறை வெப்பத்தில் தேங்காய் எண்ணெயின் உண்மையான எண் 1.45 அருகில், கடலை எண்ணெய்க்கு 1.467 அருகில். நம் டப்பாவில் இரண்டின் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில்தான் விழும். தண்ணீரா எண்ணெயா என்பதை இந்த முறை அடித்துச் சொல்லும். எந்த எண்ணெய், கலப்படம் உண்டா என்பதைச் சொல்லாது. அப்படிச் சொல்வதாக யாராவது காணொளி போட்டால் நம்ப வேண்டாம்.

படி 5: எண்ணெயிலிருந்து தண்ணீருக்கு

இதுவரை காற்றோடு ஒப்பிட்டோம். இப்போது இரண்டு திரவங்களை நேருக்கு நேர் வைப்போம். மேலே கேட்ட கேள்விக்குக் கண்ணால் பதில் பார்ப்பது இதில்தான்.

டப்பாவில் பால் சொட்டு விட்ட தண்ணீரைப் பாதி ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்காய் எண்ணெய். குமிழிகள் அடங்கும்வரை காத்திருங்கள். பக்கச் சுவர் வழியாக எண்ணெய் அடுக்குக்குள் லேசரை மேலிருந்து கீழாக, படுக்கைக்கு 45 பாகைச் சரிவில் அடியுங்கள். எண்ணெய்க்குள் 29 பாகைச் சரிவில் இறங்கும் ஒளி, தண்ணீரைத் தொட்டதும் இன்னும் படுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அதன் சரிவு 18 பாகைதான். செங்குத்தை விட்டு விலகிப் போகிறது என்றால் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மிதக்கும் லேசான எண்ணெயிலிருந்து கனமான தண்ணீருக்குள் இறங்கும் ஒளி வேகமெடுப்பது இங்கே நேராகத் தெரிகிறது.

அப்புறம் லேசரின் சரிவை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 35 பாகைக்குக் கீழே வந்ததும் தண்ணீருக்குள் இருந்த கோடு காணாமல் போகும். எண்ணெயின் அடிப்பரப்பு ஒரு கண்ணாடியாகி ஒளியை மேலே திருப்பி அனுப்பும். முழு அக எதிரொளிப்பு. மெதுவான ஊடகத்திலிருந்து வேகமான ஊடகத்துக்குப் போகும்போது மட்டுமே இது நடக்கும். தண்ணீரில்தான் ஒளி மெதுவாகப் போகிறது என்றால் இந்தக் காட்சி சாத்தியமே இல்லை.

அடுக்குகளைப் பற்றி இன்னொரு விஷயம். கீழே பாகு, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய் என்று எத்தனை அடுக்கு வைத்தாலும், பரப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்து ஒளி எங்கேயும் முழுதாகத் திரும்பாத வரைக்கும், கடைசித் திரவத்தில் ஒளியின் கோணத்தை முதல் ஊடகமும் கடைசி ஊடகமும் மட்டுமே முடிவு செய்யும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒளிவிலகல் எண்ணையும் கோணத்தின் சைனையும் பெருக்கினால் ஒரே விடைதான் வரும். நடு அடுக்குகள் கற்றையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்திவிடும், அவ்வளவே.

படி 6: வளைந்து போகும் ஒளி

பாகும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்கும் திரவங்கள். கெட்டிப் பாகின் மேல் தண்ணீரை அலுங்காமல் ஊற்றிச் சில மணி நேரம் விட்டுவிட்டால், இடையில் கூர்மையான எல்லை இருக்காது. கீழே போகப் போகச் சர்க்கரை கூடும், ஒளியின் வேகம் படிப்படியாகக் குறையும். அந்தப் பகுதியில் லேசரைப் படுக்கையாக அடித்தால் கற்றை உடைந்து திரும்பாமல் வில்லாக வளைந்து கீழே இறங்கும். கானல் நீரில் நடப்பதும் இதேதான், தலைகீழாக: தரையை ஒட்டிய சூடான காற்றில் ஒளி வேகமாகப் போவதால் கற்றை மேல்நோக்கி வளைகிறது.

படி 7: மறையும் கண்ணாடி

இது சுருக்கமான சோதனை. ஆய்வகங்களில் பயன்படும் வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் சோதனைக் குழாயைக் கிளிசரின் ஊற்றிய தம்ளரில் இறக்குங்கள். குழாய்க்குள்ளும் கிளிசரின் நிரம்பியதும் குழாய் ஏறத்தாழ மறைந்துவிடும். கண்ணாடியின் எண் 1.47, கிளிசரினுக்கும் 1.47. வேகம் மாறாத இடத்தில் ஒளி வளையாது, எதிரொளிக்கவும் செய்யாது. கண்ணுக்கு அங்கே விளிம்பு என்று ஒன்றே இல்லை. சாதாரணக் கண்ணாடித் தம்ளரின் எண் 1.52 அருகில் இருப்பதால் அது இப்படி மறையாது.

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு

ஒளிவிலகல் எண் ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு. தண்ணீரில் சிவப்புக்கு 1.331, நீலத்துக்கு 1.337. பாட நூல்களில் இருக்கும் 1.333 என்பது சோடியம் விளக்கின் மஞ்சளுக்கு, 20 டிகிரி செல்சியஸில் எடுத்தது. வெப்பம் ஏறினால் திரவம் விரிந்து எண் குறையும். எண்ணெயில் இந்தக் குறைவு தண்ணீரைவிட வேகமாக நடக்கும்.

நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவதால் ஒரு சிக்கல் வந்தது. 1880-களில் அமெரிக்க இயற்பியலாளர் மைக்கல்சன் கார்பன் டைசல்பைடுக்குள் ஒளியின் வேகத்தைச் சுழலும் கண்ணாடியால் நேரடியாக அளந்தபோது, அது காற்றைவிட 1.76 மடங்கு மெதுவாக வந்தது. கோணத்தை வைத்துக் கிடைக்கும் எண்ணோ 1.63. இரண்டும் சரிதான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே விளக்கினார். கோணம் சொல்வது அலையின் ஒவ்வொரு முகடும் நகரும் வேகத்தை. சுழலும் கண்ணாடி அளப்பது, துண்டு துண்டாக அனுப்பப்படும் ஒளித்துடிப்பு போய்ச் சேரும் வேகத்தை. நிறங்களுக்கிடையே வேகம் மாறுபடும் திரவத்தில் இவை இரண்டும் ஒன்றாக இருக்காது. தண்ணீரில் இந்த வித்தியாசம் ஒன்று, இரண்டு சதவீதம்தான். அதனால் நம் டப்பாக் கணக்கில் கிடைத்தது முகட்டின் வேகம் என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வரும்: ஒளியை மிஞ்ச முடியாது என்பார்களே, தண்ணீருக்குள்தான் ஒளி மெதுவாகிவிடுகிறதே? வெற்றிடத்தில் உள்ள வேகத்தைத்தான் மிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் ஒளியை எலக்ட்ரான் முந்தலாம். அணு உலைத் தொட்டிகளில் தெரியும் நீல ஒளி அப்படி முந்தும் எலக்ட்ரான்களால் வருவது. செரன்கோவ் கதிர்வீச்சு என்று பெயர்.

இந்த எண் எங்கே வேலைக்கு வருகிறது

கரும்பு வெட்டும் பருவத்தில் வயலுக்கே எடுத்துப்போகும் கைக்கருவி ஒன்று உண்டு, ரிஃப்ராக்டோமீட்டர். சாற்றில் இரண்டு சொட்டை அதன் கண்ணாடிமேல் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், உள்ளே தெரியும் கோடு பிரிக்ஸ் அளவை, அதாவது சர்க்கரை எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும். அது அளப்பது இனிப்பை அல்ல, ஒளிவிலகல் எண்ணைத்தான். 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்கு 1.364, 50 சதவீதத்துக்கு 1.420 என்று எண் ஏறிக்கொண்டே போவதால், எண்ணை வைத்துச் சாற்றில் கரைந்திருப்பதைச் சொல்லிவிட முடிகிறது. உப்பு கலந்தாலும் எண் ஏறும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் எண்ணெய்க்கும் நெய்க்கும் இந்திய உணவுத் தர விதிகளில் இதே அளவு இருக்கிறது. 40 டிகிரி செல்சியஸில் தேங்காய் எண்ணெயின் எண் 1.4481 முதல் 1.4491-க்குள், கடலை எண்ணெயினுடையது 1.4620 முதல் 1.4640-க்குள் இருக்க வேண்டும். நான்காவது தசம இடம்வரை பார்ப்பதால்தான் ஆய்வகத்தில் கருவிக்குள் வெந்நீரை ஓடவிட்டு வெப்பத்தை 40-லேயே நிறுத்தி வைக்கிறார்கள். வெப்பம் மூன்று டிகிரி தவறினால் நல்ல தேங்காய் எண்ணெயே தரத்துக்கு வெளியே போய்விடும்.